செருப்புக்குள்ளே சேதி!

ஆடிப் பதினெட்டு வந்தால் கொங்கு நாட்டுச் சாலைகளிலே மாலைகள் பயணம் செய்கின்றன. சங்ககிரிக்கு ஒரு வரிசை, ஓடாநிலைக்கு ஒரு வரிசை. கொடி கட்டிய கார்கள், கூரைமேல் ஒலிபெருக்கி, கோஷமிட்டுக் கோஷமிட்டுத் தொண்டை கட்டிப்போன இளைஞர்கள்! கழுத்தைக் கொடுத்தாலும் கொடுத்தானே தவிரக் கருத்தைக் கொடுக்காத தீரன் சின்னமலைக்கு நாடு செலுத்தும் நன்றி அது. செலுத்தட்டும், நாமும் செலுத்துகிறோம். குறை கூறுவதற்காக அல்ல இதை எழுதுவது.

ஆனால், அந்த மாலை வண்டிகளில் ஒன்றுகூடப் பொள்ளாச்சியைத் தாண்டி ஆனைமலைப் பக்கம் திரும்பி நாம் கண்டதில்லை. ஏன் திரும்பவேண்டும் என்று கேட்பார்கள். ஆனைமலையில் என்ன இருக்கிறது? மாசாணியம்மன் கோவில் இருக்கிறது. தென்னந்தோப்பு இருக்கிறது. ஆழியாறு இருக்கிறது. மேலே ஏறினால் வால்பாறையில் தேயிலை இருக்கிறது. அதைக் கிள்ளிக் கிள்ளிக் கறுத்துப்போன விரல்கள் இருக்கின்றன. இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தத் தலையங்கம்.

1799-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தான். அவன் பிணத்தின் மீது நடந்து வந்த கும்பினியார் கோயமுத்தூர்ச் சீமையைத் தமதாக்கிக்கொண்டனர். திண்டுக்கல் சீமை அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1792-இல், அவர்கள் கைக்குப் போய்விட்டிருந்தது. போரில் பிடிபட்ட நாடு கொங்கு நாடு! கோட்டைகளில் அன்னியக் கொடி. களத்து மேட்டில் அன்னியன் கணக்கு. ஊரைக் கேட்காமல் ஊருக்கு எசமானன் மாறிவிட்டான்.

இத்தகைய நேரத்தில் மக்கள் என்ன செய்வார்கள்? பெரும்பாலோர் தலை குனிந்து வேலையைப் பார்ப்பார்கள். வயிறு இருக்கிறதே! சிலர் எசமானனுக்கு மாலை போடுவார்கள். மிகச் சிலர் இரவில் கூடுவார்கள்.

கூடினார்கள். விருப்பாட்சியில் கூடினார்கள். கோபால நாயக்கர் அழைத்தார். கணவனை இழந்து, நாட்டை இழந்து வந்த வேலு நாச்சியாருக்கு எட்டாண்டுக் காலம் தஞ்சம் தந்தாரே, அந்தக் கோபால நாயக்கர். மணப்பாறை லட்சுமி நாயக்கர் வந்தார், தேவதானப்பட்டி பூசை நாயக்கர் வந்தார். ஓடாநிலைச் சின்னமலை கை கோத்தார், பரமத்தி அப்பாச்சிக் கவுண்டர் கை கோத்தார். கோவையில் முகமது ஹாசம். கிழக்கே சிவகங்கையில் மருது பாண்டியர். வடக்கே, திப்புவின் சிறையிலிருந்து வெளிப்பட்டுக் குதிரைப்படை திரட்டிக்கொண்டிருந்த தூந்தாஜி வாக். மேற்கே மலையாளக் காடுகளில் பழசி ராஜா. நாயக்கரும் கவுண்டரும், மறவரும் முகமதியரும், தமிழரும் மராட்டியரும்! ஒரு பந்தியில் உட்காராதவர்கள் ஒரே சதியில் உட்கார்ந்தார்கள். சதி என்பது கும்பினிக்காரன் வைத்த பெயர். நாம் வேறு பெயர் வைப்போம்.

இங்கே கொஞ்சம் நிற்போம். விருப்பாட்சி எங்கே, சிவகங்கை எங்கே, துங்கபத்திரைக் கரை எங்கே? தந்தி கிடையாது, தபால் கிடையாது. சாலைகளிலே கும்பினிக் காவல். இத்தனை திசைகளையும் ஒரே நூலில் கோக்கவேண்டுமானால் எத்தனை தூதர் நடந்திருக்கவேண்டும்! எத்தனை சத்திரத்துத் திண்ணைகளில், எத்தனை சந்தைக் கூட்டங்களில், எத்தனை ஆற்றுத் துறைகளில் வாய் திறக்காமல் சேதி கைமாறியிருக்கவேண்டும்! தலைவர்களின் பெயர்களை இப்போதுதான் ஒவ்வொன்றாக அடுக்கினோம். அந்தத் தூதர்களில் பத்துப் பேரை அடுக்குங்கள் பார்க்கலாம். முடியாது.

நாள் குறித்தார்கள்: 1800 ஜூன் 3. கோயமுத்தூர்க் கோட்டையைத் தாக்குவது என்று திட்டம். அன்று முகரம். ஆனால் படைகள் எல்லாம் ஒன்று சேர்வதற்குள் கும்பினி விழித்துக்கொண்டது. திட்டம் உடைந்தது. பிடிபட்டவர்களில் 42 பேரைத் தூக்கிலே தொங்கவிட்டார்கள். 42 பேர்! எண் மட்டும் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பெயர்கள்? கயிற்றோடு போயின.

அதே ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் தூந்தாஜி வாக்கை வேட்டையாடிக் கொன்றான் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை முறியடித்து வெலிங்டன் பிரபு என்று உலகம் புகழ நின்றவனும் அவனே. ஐரோப்பாவை ஆட்டிவைத்த நெப்போலியனை வெல்ல வந்தவன் நம் பக்கத்துக் குதிரைவீரனைத் துரத்திப் பழகியவன் என்பதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு யாரும் சொல்லவில்லை. வாட்டர்லூ மட்டும் மனப்பாடம்.

வெளியே நின்று போரிட வழி அடைபட்டபோது, காடு திறந்தது. கோபால நாயக்கர் ஆனைமலைக்கு வந்தார். இந்த மலைத் தொடரில் அவர் நடத்திய போரைப்பற்றி வரலாற்று ஆசிரியர்கள் எழுதும்போது ஒரு வரி சேர்க்கிறார்கள்: சுற்றுப்புறத்துக் குடியானவர்கள் அவருக்கு முழு ஆதரவு தந்தார்கள் என்று. ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். அடுத்த வரியில் 1801-இல் நாயக்கர் தோற்கடிக்கப்படுகிறார், பிறகு தூக்கிலிடப்படுகிறார், கதை வேறு பக்கம் போய்விடுகிறது.

அந்த ஒரு வரியில் நாம் உட்கார்ந்துவிட்டோம், நகர மனம் வரவில்லை.

'முழு ஆதரவு' என்றால் என்ன? எழுதுவதற்கு இரண்டு சொல். கொடுப்பதற்கு? காட்டுக்குள் கிடப்பவனுக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு, அறுவடையில் வரிக்காரன் அள்ளியதுபோக மிஞ்சியதிலிருந்து வரவேண்டும். தன் பிள்ளையின் கலயத்திலிருந்து வரவேண்டும். காயம்பட்டவனுக்குப் படுக்க இடம் வேண்டும். அந்த இடம் தன் குடிசையாகத்தான் இருக்கவேண்டும். துரத்தி வருபவன் 'எந்தப் பக்கம் போனான்?' என்று கேட்டால், தெரிந்த விழிகளைத் தெரியாத விழிகளாக்கி நிற்கவேண்டும். பிடிபட்டால் தலைவனுக்குத் தூக்குமேடையாவது உண்டு, பின்னால் சிலையாவது உண்டு. சோறு போட்டவனுக்கு? வேலியோரத்தில் ஒரு சவுக்கடி, ஒரு தோட்டா, குடிசைக்கு நெருப்பு.

அடக்கப்பட்ட நாடு எதுவானாலும் இந்தக் கணக்கு மாறியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவே அதற்குச் சாட்சி. 1940 ஜூனில் பிரான்சு இட்லரின் காலடியில் விழுந்தது. தளபதிகள் கையெழுத்திட்டார்கள், மந்திரிகள் மண்டியிட்டார்கள். மண்டியிட மறுத்தவர்கள் காட்டுக்குள் போனார்கள். அந்தக் காட்டு வீரர்களுக்கு மாக்கி என்று பெயர். மாக்கி என்றால் புதர்க்காடு! மனிதருக்கே காட்டின் பெயர் வந்துவிட்டது. சிதறிக் கிடந்த குழுக்களை ஒரே அமைப்பாக்கினான் ழான் முலேன் என்ற அதிகாரி. 1943 ஜூனில் பிடிபட்டான். லியோன் நகரத்து நாஜி போலீஸ் அதிகாரி கிளவுஸ் பார்பி எலும்பு எலும்பாக வதைத்தான். வாய் திறக்கவில்லை, அடுத்த மாதம் மாண்டான். அவன் நினைவைப் பிரான்சு 1964-இல் பாந்தியோன் மண்டபத்தில் ஏற்றிவைத்தது. பார்பிக்கு 1987-இல்தான் தண்டனை கிடைத்தது. ஆமை வேகம்தான், ஆனால் ஆமையாவது வந்து சேர்ந்தது!

செக் நாட்டில் இட்லரின் ஆளுநன் ஹெய்ட்ரிச் தாக்கப்பட்டு 1942 ஜூன் 4-இல் செத்தான். பழிக்கு நாஜிகள் தேர்ந்தெடுத்தது லிடிட்சே என்ற சிற்றூரை. ஜூன் 10-ஆம் நாள் அந்த ஊரின் ஆடவர் 173 பேரை வரிசை வரிசையாகச் சுட்டார்கள். பெண்களை வதை முகாமுக்கு ஓட்டினார்கள். வீடுகளை வெடி வைத்துத் தகர்த்து, ஊர் இருந்த அடையாளமே இல்லாமல் நிரவினார்கள். குண்டு வீசியவன் அந்த ஊர்க்காரன்கூட அல்ல! ஆதரவு தந்திருப்பார்களோ என்ற சந்தேகம் போதும், ஒரு ஊர் சாம்பலாக. ஆனைமலைக் குடியானவன் சந்தேகத்துக்கு இடமான ஆளல்ல; உண்மையிலேயே ஆதரவு தந்தவன்.

இனி, தலைப்பில் சொன்ன செருப்புக்கு வருவோம்.

ஈரோட்டுப் பக்கத்தில் மக்கள் வாய்வழியாகக் காத்துவரும் வரலாறு ஒன்று உண்டு. சின்னமலையின் படையில் பொல்லான் என்று ஒருவர். அருந்ததியர். கும்பினியாரின் நடமாட்டத்தை அறிந்து, சேதியைச் செருப்பின் அடித்தோலுக்குள் வைத்துத் தைத்து அனுப்பியவர் என்பார்கள். கும்பினியார் கண்டுபிடித்தனர், நல்லமங்காபாளையத்தில் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

தோழர்களே, அந்தச் செருப்பை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள்! பொல்லான் பிறந்த குலத்தார், தாம் தைத்த செருப்பைத் தாமே போட்டுக்கொண்டு மேல்சாதித் தெருவில் நடக்கக்கூடாது என்பது அந்நாளைய தருமம். செருப்பு தைப்பவன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆசாரம். செருப்பைத் தொட்டுப் பார்ப்பது தீட்டு. ஆகவே அதைவிடப் பத்திரமான தபால் பை உலகத்தில் இருக்க முடியுமா? எவனை ஏறெடுத்துப் பார்ப்பது இழிவு என்று ஊர் நினைத்ததோ, அவனால்தான் எவர் கண்ணுக்கும் படாமல் ஊர் ஊராகப் போகமுடிந்தது. சாதி போட்ட திரைக்குப் பின்னாலே நடந்து சென்றது விடுதலைச் சேதி! சாதியால் இந்த நாட்டுக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான். அந்த நன்மையையும் செய்தவன் சாதியை வகுத்தவன் அல்ல, சாதியால் மிதிபட்டவன்.

பிரான்சிலும் இப்படித்தான். சைக்கிள் கூடையில் காய்கறிக்கு அடியில் தடை செய்யப்பட்ட ஏடுகளைச் சுமந்து சென்றவர்கள் பெண்கள். 'பெண்தானே, இவளுக்கு என்ன தெரியும்' என்று காவலன் கைகாட்டி அனுப்பிவிட்டான். அந்தப் பெண்களுக்கு அன்று வாக்குரிமைகூட இல்லை. போர் முடிவதற்குள்ளாகவே, 1944-இல், பிரான்சு அதை வழங்கியது. 1945-இல் அவர்கள் முதன்முதலாக வாக்களித்தார்கள். பொல்லானுக்கு ஒரு மணிமண்டபம் என்ற பேச்சை அரசின் காதில் ஏற்றுவதற்கே நம் நாட்டில் 200 ஆண்டுகள் பிடித்தன.

இன்னொரு விந்தையும் பாருங்கள். சின்னமலையைக் காட்டிக்கொடுத்தவன் நல்லப்பன் என்னும் சமையற்காரன் என்று கதை சொல்பவர் அனைவரும் பெயர் பிசகாமல் சொல்கிறார்கள். எட்டப்பன் என்ற பெயர் அகராதியில் ஏறாத குறையாக வசைச்சொல்லாகிவிட்டது. துரோகிக்குப் பெயர் உண்டு! வாய் திறக்காமல் நின்று காத்த ஆயிரமாயிரம் பேருக்கு ஒரு பெயரும் இல்லை! பேசியவன் சாசுவதம், பேசாதவன் பாழ். சின்னமலையை 1805 ஜூலை 31-இல்தான் சங்ககிரியில் தூக்கிலிட முடிந்தது. கோவைத் திட்டம் உடைந்து ஐந்தாண்டுகள்! அந்த ஐந்தாண்டுகளில் எத்தனை வீட்டு அடுப்புகள் அவருக்காக எரிந்திருக்கும்! அத்தனை அடுப்படிகளிலும் ஒரே ஒரு நல்லப்பன் என்றால், மற்ற அடுப்படிகளைப்பற்றி அல்லவா நாம் பேசவேண்டும்?

பாளையக்காரர் அனைவரும் மக்களாட்சி வீரர்கள் என்று நாம் கதை கட்டவில்லை. அவர்களும் வரி வாங்கினார்கள், பல்லக்கில் ஏறினார்கள். பல்லக்கைத் தூக்கியவன் தோள் காய்த்துத்தான் கிடந்தது. ஆனாலும், நெருக்கடி வந்தபோது அவர்களுக்கு ஓர் உண்மை உறைத்தது: சாதிவாரியாகப் பிரிந்து நின்றால் ஒவ்வொருவராகச் சாவோம் என்று. 1801 ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருது வெளியிட்ட அறிக்கையைத் திருச்சிக் கோட்டைச் சுவரிலும் திருவரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டினார்கள். எல்லாச் சாதியாரையும் முகமதியரையும் ஒருசேர விளித்தது அந்த அறிக்கை. அதை எழுதியவனையும் அவன் தமையனையும் அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். சுவரில் ஒட்டியதை மட்டும் யாராலும் திரும்ப உரிக்க முடியவில்லை.

உரித்தது யார்? நாம்தான்! அவர்கள் சேர்த்து ஒட்டியதை நாம் பிரித்து உரித்தோம். இன்று கோபால நாயக்கர் ஒரு சங்கத்தின் சொத்து. சின்னமலை இன்னொரு சங்கத்தின் சொத்து. மருதிருவர் மூன்றாம் சங்கத்தின் சொத்து. பொல்லான் சேரியின் சொத்து. ஒரே கயிற்றில் தொங்கியவர்களுக்குத் தனித்தனிச் சுவரொட்டி! 1997-இல் நடந்ததை மறந்துவிட்டோமா? கட்டபொம்மனுக்குத் தளபதியாக நின்று களத்தில் மாண்ட வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வைத்தது. தேவேந்திர குலத்தான் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று கிளம்பினார்கள். கலவரம், கல்வீச்சு, சாவு. முடிவில் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும் மாவட்டங்களுக்கு வைத்த தலைவர்களின் பெயர்களையும் ஒட்டுமொத்தமாக நீக்கவேண்டியதாயிற்று. தீரன் சின்னமலையின் பெயரும் அந்த அழிப்பில்தான் பேருந்திலிருந்து இறங்கியது. சுந்தரலிங்கம் ஏறக்கூடாது என்றவர்கள், தங்கள் தலைவர்களையும் சேர்த்தே இறக்கிவிட்டார்கள். கும்பினி நூறு பீரங்கி வைத்தும் சாதிக்க முடியாததைச் சாதித்தோம்!

கொங்கு நாட்டில் மறைவுப் போர் 1805-ஓடு முடியவில்லை. 1942 ஆகஸ்ட் 13-ஆம் நாள், போத்தனூருக்கும் சிங்காநல்லூருக்கும் இடையே போர்த் தளவாடம் ஏற்றிவந்த ரயில் தடம் புரட்டப்பட்டது. அதே மாதம் 26-இல் சூலூர் விமானத் தளத்துக் கொட்டகைகளும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. செய்தவர்கள் பெரும்பாலும் பஞ்சாலைத் தொழிலாளிகளும் பக்கத்து ஊர்க் குடியானவர்களும். அடுத்து வந்தது போலீஸ் வேட்டை, சிறை, சித்திரவதை. அந்த ஆகஸ்டுப் போராட்டத்தில் நம் இயக்கம் கலந்துகொள்ளவில்லை. இட்லரும் டோஜோவும் முதலில் ஒழியட்டும் என்பது அன்றைய நிலை. அந்த நிலைக்குக் காரணம் இருந்தது. அதை மறைக்கவேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் கருத்து வேற்றுமையைக் காட்டி ஒரு மில் தொழிலாளியின் தியாகத்தைக் கணக்கிலிருந்து தள்ளுவது நாணயமும் அல்ல. ஷிப்டு முடிந்து வந்து, பஞ்சு ஒட்டிய சட்டையோடு இருளில் நடந்தவன், பதவி கேட்டா நடந்தான்? சூலூரில் இன்று இந்திய விமானப் படையின் தளம் நிற்கிறது. வாயிலைக் கடந்து போகும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும் பேரனுக்குத் தாத்தா அந்த இருட்டில் நடந்தது தெரியாது.

தொழிலாளத் தோழர்களுக்கு இன்னொரு ஊரின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஆம்ஸ்டர்டாம், ஆலந்து நாட்டுத் துறைமுக நகரம். நாஜிகள் பிடித்துவைத்திருந்த ஊர். 1941 பிப்ரவரியில் யூத இளைஞர்களைத் தெருவில் அடித்து இழுத்துப்போனார்கள். 25-ஆம் நாள் காலையில் டிராம் வண்டிகள் ஓடவில்லை. துறைமுகத்தில் சுமை ஏறவில்லை. தொழிற்சாலைகள் மூடின. தெருக்கூட்டும் தொழிலாளர்கள் முன்னின்று பரப்பிய வேலைநிறுத்தம் அது. தடை செய்யப்பட்டிருந்த பொதுவுடைமைக் கட்சி ரகசியமாகத் துண்டறிக்கை அச்சிட்டு அழைத்தது. தங்கள் கூலிக்காக அல்ல, தங்கள் மதத்துக்காக அல்ல. பக்கத்து வீட்டு யூதனுக்காக! இரண்டு நாளில் துப்பாக்கி கொண்டு அடக்கினார்கள். சிலரைச் சுட்டார்கள், பலரைச் சிறைக்கு அனுப்பினார்கள்.

போர் முடிந்ததும் அந்த நகரம் என்ன செய்தது? யூதர்களை இழுத்துச் சென்ற அதே சதுக்கத்தில் 1952-இல் ஒரு சிலை வைத்தது. மன்னன் சிலை அல்ல, தளபதி சிலை அல்ல. தடித்த உடம்பும் முரட்டுக் கைகளுமாக ஒரு துறைமுகத் தொழிலாளி. அவனுக்குப் பெயர் கிடையாது. 'துறைமுகத் தொழிலாளி' என்பதுதான் சிலையின் பெயர். ஆண்டுதோறும் பிப்ரவரி 25-இல் ஊர் திரண்டு வந்து அவன் காலடியில் மலர் வைக்கிறது. பெயர் இல்லாததால் எந்தச் சங்கமும் அவனைத் தன்னவன் என்று தூக்கிக்கொண்டு போக முடியவில்லை!

ஆனைமலையில் ஒரு கல் நடவேண்டும் என்று கேட்கிறோம். அரசைக் கேட்கிறோம், அரசு தாமதித்தால் பேரூராட்சியைக் கேட்போம். கோடி ரூபாய் மண்டபம் வேண்டாம். மலை தெரியும் இடத்தில், சந்தைக்குப் போகிறவன் கண்ணில் படும் இடத்தில் ஒரு கல். அதில் ஒரு குடியானவன். ஒரு கையில் கலயம், மறு கை வாயை மூடியபடி. அடியில் பொறிக்க அதிகம் வேண்டாம்: 1800, 1801 என்ற ஆண்டுகள், கோவையில் திட்டம் உடைந்தபோது தொங்கியவர்களின் எண்ணிக்கையான 42, பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். சாதி எழுத வரும் கைகளை மட்டும் தடுத்தால் போதும்.

வரும் ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரிக்கு வண்டி கட்டும் பொள்ளாச்சி, உடுமலைத் தோழர்கள், புறப்படுமுன் ஒரு மாலையை எடுத்துத் தனியே வைக்கட்டும். கல் நடப்படும்வரை அதை ஆழியாற்றங்கரையிலே வைப்போம். எடுத்துப்போக வரும் தோழர், வேண்டுமானால், செருப்பைக் கழற்றாமலே வரலாம்.